தம்பி எழுதினதும் நான் படிச்சதும்

நாப்பத்தோரு கடுதாசி. நல்லா எண்ணிப் பாத்துக்க நர்மதா. அப்புறம் ஒண்ணு குறையுது, அண்ணன் எடுத்து வச்சுக்கிட்டான்னு உங்கப்பன் சொல்லக் கூடாது. எண்பத்தேழு ஐப்பசியில வந்த மொதக் கடுதாசியிலேருந்து, ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு எழுதுன கடைசிக் கடுதாசி வரைக்கும், தேதி வாரியா அடுக்கி நூல் போட்டுக் கட்டியிருக்கேன். ஒரு மூலை மடங்கல. கரையான் அண்டல. இந்த உப்புக் காத்துல இரும்பே பொடிப்பொடியா உதிருது, காயிதம் நிக்குது. யாரு பாத்துக்கிட்டது? நான்தான். அதையும் போயி சொல்லு.

அவன் கேட்டனுப்பினானா, நீயாத்தான் வந்தியா? நீயாத்தானா. அதானே பாத்தேன். உங்கப்பன் எதையும் கேக்க மாட்டான் பாப்பா. கேக்காமலே எல்லாம் அவன் மடியில வந்து விழும். பூனாவுலேருந்து வேதாரணியத்துக்கு ரயிலும் பஸ்ஸுமா மாறி மாறி நீ வந்து நிக்கிறியே, அந்த மாதிரி. என் மவன் திருத்துறைப்பூண்டியில இருக்கான். முக்கா மணி நேரம். தீபாவளிக்கு வரான்.

டீயக் குடி, ஆறுது. எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி இத எப்படிப் படிக்கணும்னு நான் சொல்லணும். ஏன்னா இதுல எழுதியிருக்கிறது ஒண்ணு, இந்த வீட்ல படிச்சது ஒண்ணு.

நான் ஒம்பதாவது வரைக்கும் படிச்சேன். நல்லாத்தான் படிச்சேன். எங்கப்பாவுக்கு, உங்க தாத்தாவுக்கு, கண்ணு மங்க ஆரம்பிச்சுது. உப்பளத்து வெயில் மேலேருந்து மட்டும் அடிக்காது, உப்புலேருந்தும் அடிக்கும். "பெரியவனே, நீ அளத்துக்கு வந்துடு"ன்னார். போயிட்டேன். பாத்தி மிதிச்சேன், உப்பு வாரினேன். உங்கப்பன் அம்பிகாபதி படிச்சான். பி.எஸ்ஸி. படிச்சான், பரீட்சை எழுதினான், மெட்ராஸ்ல ட்ரெயினிங் போனான், பட்டாள ஆபீசரா தோள்ல நட்சத்திரத்தோட வந்தான். அவனை பஸ் ஏத்திவிட அப்பா ஆயக்காரன்புலம் வரைக்கும் கூடவே போனார், கண்ணு தெரியாத மனுஷன். நான் என்னிக்காவது குறை சொன்னேனா? ஏய் கமலம், நான் குறை சொல்லியிருக்கேனா? பாரு, உங்க பெரியம்மா அடுப்படியில சிரிக்கிறா. அவ அப்படித்தான். நோட்டுல எழுதிக்காத அத.

அப்புறம் அங்க சண்டை. இலங்கையில அவங்களுக்குள்ள சண்டை, அமைதி பண்ணி வைக்கிறோம்னு நம்ம பட்டாளம் போச்சு, போன இடத்துல நம்ம பட்டாளத்துக்கே சண்டையாப் போச்சு. அரசியல் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது இதுதான்: கோடியக்கரையிலேருந்து படகுல போனா, உங்கப்பன் நின்ன எடத்துக்கு ரெண்டு ரெண்டரை மணி நேரம். காத்து அந்தப் பக்கத்துலேருந்து அடிச்சா தொம்மு தொம்முனு சத்தம் இங்க அளத்துல கேக்கும். ஆனா அவன் கடுதாசி டெல்லி பக்கமெல்லாம் சுத்திக்கிட்டு வர பன்னெண்டு நாள் ஆகும்.

கேட்ட சத்தத்துக்குப் பன்னெண்டு நாள் கழிச்சு, அவன் உயிரோட இருக்கான்னு தெரியும். நெனச்சுப் பாரு.

போஸ்ட்மேன் தெருமுனையிலேருந்தே கத்துவாரு, "கேப்டன் கடுதாசி!" அது வரைக்கும் இது வேதையன் வீடு. என் பேருதான். அளத்துல பதினெட்டு வருஷம் காய்ஞ்சு எடுத்த பேரு. நாலு கடுதாசியில கேப்டன் வீடு ஆயிப் போச்சு.

அப்பாவுக்குப் பார்வை சுத்தமாப் போயிடுச்சு. அதனால நான்தான் படிக்கணும். அவர் கடுதாசிய வாங்கி மொதல்ல தடவிப் பாப்பார், மோந்து பாப்பார், அப்புறம்தான் என் கையில கொடுப்பார். பக்கத்து வீட்டு ஆளுங்க, அளத்து ஆளுங்க, டீக்கடை ஆளுங்க எல்லாரும் வந்து உக்காந்துக்குவாங்க. எனக்கு நல்ல குரல் பாப்பா. அது யாருக்கும் அதுவரைக்கும் தெரியாது. நான் படிச்சா நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்துவேன், ஏத்த வேண்டிய எடத்துல ஏத்துவேன். படிச்சு முடிச்சதும் எல்லாரும், "அம்பி என்னமா எழுதுறான்யா"ம்பாங்க.

என்னமாப் படிச்சேன்னு ஒருத்தனும் சொல்லல.

அதோ அந்த ரெண்டாவது கடுதாசியப் பிரி. படி. "அன்புள்ள அப்பாவுக்கு. இங்கேயும் நம் ஊர் போலவே பனைமரம், நம் ஊர் போலவே மணல். கிணற்றுத் தண்ணீர் மட்டும் நம்முடையதைவிட இனிப்பு. என் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் வடக்கத்தியர். ஊர்க்காரர்களிடம் எதுவும் சொல்ல வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் பேசினால் கதவு திறக்கிறது. என் தமிழுக்குத் திறக்கிறதா, என் பின்னால் நிற்கும் துப்பாக்கிக்குத் திறக்கிறதா என்று தெரியவில்லை." நல்லா எழுதியிருக்கானா? எழுதுவான். இப்ப கடைசி வரியப் பாரு. "அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்."

எல்லாக் கடுதாசியும் பிரிச்சுப் பாரு. மூணு பக்கம், நாலு பக்கம், அப்பா அப்பா அப்பான்னு. கடைசியில, அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும். நாப்பத்தோரு தடவை. அண்ணன் எப்படியிருக்கான், உப்பு எப்படி விளைஞ்சுது, கால் வெடிப்புக்கு மருந்து போட்டானான்னு ஒரு வரி? அப்பாவ ரெண்டு வேளை குளிப்பாட்டி விடுறவன் நான். கையப் புடிச்சுக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போறவன் நான். அவரு மடியில கட்டி வச்சிருக்கிறது அவன் கடுதாசி.

மொதல்ல நான் தப்பா ஒண்ணும் பண்ணல. சிலத விட்டேன், அவ்வளவுதான். அவன கர்னல் கூப்பிட்டுக் கை குடுத்தார்னு எழுதியிருந்தான், அத விட்டுட்டேன். ஏழெட்டுப் பேரு வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்காங்க, அதையும் வேற சொல்லணுமா. ஒருத்தருக்கும் தெரியல.

அப்புறம் ஒருநா, கடைசி வரி வந்துச்சு. அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும். வாய்க்கு வந்துச்சு பாப்பா, நெனச்சுப் பண்ணல. "அப்பா, அண்ணன் அங்கே இருக்கிற தைரியத்தில்தான் நான் இங்கே இருக்கிறேன். இந்த வீடு அண்ணன் கையில்தான் நிற்கிறது. நீங்கள் அதை மறக்கக் கூடாது"ன்னு படிச்சுட்டேன்.

அப்பா கைய நீட்டி என்னத் தேடினார். தோள் ஆப்பட்டுது. தட்டிக் குடுத்தார். "தம்பி எப்படி எழுதியிருக்கான் பாத்தியா பெரியவனே"ன்னார். அன்னிக்கு என்னப் பக்கத்துல உக்காரச் சொல்லித்தான் சாப்பிட்டார்.

அதுக்கப்புறம் கடுதாசிக்குக் கடுதாசி என்னப் பத்தி அவன் எழுத ஆரம்பிச்சான். நான் எழுத வச்சேன். பொய்யின்னு சொல்லாத. அதுல ஒரு வார்த்தை பொய்யா? வீடு என் கையில நிக்கலியா? அவன் எழுதியிருக்க வேண்டியதத்தான் நான் படிச்சேன்.

பதிலும் நான்தான் எழுதணும். அப்பா சொல்லுவார், சொல்லிக்கிட்டே இருப்பார். சின்னவனே, காதுல துணி கட்டிக்க, பனி. சின்னவனே, நேத்து சத்தம் கேட்டுது, அது நீ இருக்கிற பக்கமா? உனக்குப் புடிக்கும்னு கமலம் மத்தி மீன் கொழம்பு வச்சா, எனக்கு எறங்கல. இதெல்லாம் எழுத எடம் எங்க இருக்கு? ஒரு இன்லண்டு லெட்டர்தானே. "அப்பா நலம். உப்பு சுமார். உடம்பைப் பார்த்துக்கொள்"னு எழுதுவேன். ஆபீசருக்கு அது போதும்.

சரி. இப்ப அந்தப் பச்சை மசியில எழுதியிருக்கே, எண்பத்தெட்டு ஆனி மாசம், அதப் படி. வாய்விட்டுப் படிக்க வேண்டாம். எனக்கு மனப்பாடம்.

ஒரு கிராமம். பேரு எழுதல அவன். சண்டை வரப் போவுது, ஜனங்கள வெளியேத்தணும். இவன் மைக்க வச்சுக்கிட்டுப் பேசியிருக்கான். "பயப்படாம வாங்க, கோயில் வரைக்கும் வந்துட்டாப் போதும், ஒண்ணும் ஆகாது"ன்னு. வந்தாங்க. பாதி வழியில ஷெல் விழுந்துது. யாரு போட்டதுன்னு தெரியாது, கடைசி வரைக்கும் தெரியலியாம். ஆறு பேரு. அதுல ஒரு பொம்பள, எங்கம்மா இருந்திருந்தா அந்த வயசு இருக்கும், சாகுறதுக்கு முன்னாடி இவன் கையப் புடிச்சுக்கிட்டு, "தம்பி, உம்முடைய குரலைக் கேட்டுத்தானே வெளிக்கிட்டனாங்கள்"னு சொல்லியிருக்கு. திட்டல. சும்மா சொல்லியிருக்கு.

"அப்பா, என் தமிழை நம்பி வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகு நான் மைக்கைத் தொடவில்லை. சாப்பிட முடியவில்லை. வேலையை விடுவதற்கு எழுதிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஊரில் என்ன சொல்வார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. நீங்கள் வா என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், மற்றவர்கள் என்ன சொன்னாலும் வந்துவிடுவேன். அளத்தில் உப்பு வாருகிறேன். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்."

அத மட்டும் நான் மாத்தாமப் படிச்சேன் பாப்பா. சத்தியமா. ஆளுங்க யாரையும் வச்சுக்கல, அப்பாவும் நானும் மட்டும். மாத்த வரல.

அப்பா கடுதாசிய வாங்கி மடியில முடிஞ்சுக்கிட்டார். அப்புறம், "எழுது"ன்னார். சொன்னார். சொல்லச் சொல்ல எழுதினேன். வரச் சொல்லித்தான். பெத்தவரு வேற என்ன சொல்வார். முழுசும் எதுக்கு இப்ப, விடு.

எழுதி மடிச்சு எடுத்துக்கிட்டு போஸ்டாபீஸ் போனேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நெனப்பு. வருவான். அழுதுக்கிட்டு வருவான், அப்பா மடியில படுத்துக்குவான். அவன் குரல்லயே அவன் கதைய சொல்லுவான், கடுதாசி படிக்க ஆளு வேண்டாம். அளத்துல வந்து ரெண்டு நாளு உப்பு வார்ற பலகை புடிப்பான், அம்பி கையில உப்பு எப்படி வெள்ளையா வருது பாருன்னு சொல்லுவாங்க. பதினெட்டு வருஷம் நான் நின்ன எடத்துல அவன் பதினெட்டு நாள்ல நின்னுடுவான். எனக்கு அப்பாவ நல்லாப் புடிக்கும் பாப்பா. அந்த ஆறேழு மாசமாத்தான் அவரு என்னத் தொட்டுப் பேச ஆரம்பிச்சிருந்தாரு.

போஸ்டாபீஸ் வாசல்ல அதக் கிழிச்சேன். வேற இன்லண்டு ஒண்ணு வாங்கி எழுதினேன். "சின்னவனுக்கு. போன இடத்தில் பேரைக் கெடுத்துக்கொண்டு வராதே. எடுத்த வேலையை முடித்துவிட்டு வா. அப்பா."

நாப்பது நாள் கழிச்சுக் கண்ணிவெடி. இடது கால், கணுக்காலுக்கு மேல.

கமலம், தண்ணி கொண்டா.

மொதல்ல மெட்ராஸ் ஆஸ்பத்திரி, அப்புறம் பூனாவுல செயற்கைக் கால் வச்சாங்க. அடுத்த மாசியில லீவுல வந்தான். ரெண்டு மாசம் லீவு. கைத்தடி வச்சுக்கிட்டு அந்த வாசப்படியில ஏறினான், நான் புடிக்கப் போனேன், வேணாம்ண்ணேன்னுட்டான். அப்பா அவன் மொகத்தத் தடவினார், தோளத் தடவினார், கீழ வந்து அந்தக் கட்டைக் காலத் தடவினார். நான் கொல்லைப் பக்கம் போயிட்டேன்.

சாயங்காலம் எல்லாரும் உக்காந்திருக்கோம். அப்பா சொல்றார், "சின்னவனே, நீ எழுதுனியே, வீடு அண்ணன் கையிலதான் நிக்குது, மறந்துடாதீங்கன்னு. அதப் படிக்கச் சொல்லி நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் தெரியுமா. உனக்கு அந்த மனசு இருக்கே, அது போதும்டா எனக்கு."

அம்பி என்னத் திரும்பிப் பாத்தான். ஒரு நிமிஷம்தான். அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, "ஆமாப்பா, எழுதினேன். நெசந்தானே"ன்னான்.

பாத்தியா அவன? சொல்லியிருக்கலாம்ல, நான் எழுதலன்னு? நாலு பேரு முன்னாடி என்னக் கிழிச்சிருக்கலாம்ல? மாட்டான். நான் கஷ்டப்பட்டு அப்பாவுக்கிட்ட சேத்து வச்ச நல்ல பேர, ஒரு வார்த்தையில அவன் குடுத்ததா ஆக்கிட்டான்.

மறுநா அளத்துக்கு வந்தான். வரப்புல நின்னுக்கிட்டு மெதுவாக் கேட்டான். "அண்ணே, ஆனி மாசம் போட்ட பதிலு, அப்பா சொன்னதத்தான் எழுதுனியா?"

"ஆமா. அவரு சொன்னதுதான்"னேன். பலகையக் கீழ வைக்கல, தலையத் தூக்கல.

அவன் கொஞ்ச நேரம் நான் உப்பு வாருறதப் பாத்துக்கிட்டு நின்னுட்டுப் போயிட்டான். ரெண்டு மாச லீவுல ஒம்பதாம் நாளு கெளம்பிட்டான். பூனாவுலயே ஆபீஸ் வேல, அங்கயே கல்யாணம், அங்கயே வீடு. அப்பா இருந்த வரைக்கும் ஏழு வருஷத்துல ரெண்டே தடவதான் வந்தான். கடுதாசியும் நின்னு போச்சு. பணம் மட்டும் வரும், கூப்பன்ல "நலம்"னு இருக்கும், நீ பொறந்தப்ப மட்டும் உன் பேரு இருந்துது.

அப்பா வுடுவாரா? தெனம் கேப்பார். சின்னவன் கடுதாசி வந்துச்சா? என்ன பண்றது. மவன் நோட்டுலேருந்து ஒரு தாளக் கிழிச்சு வச்சுக்கிட்டுப் படிப்பேன். அன்புள்ள அப்பாவுக்குன்னு ஆரம்பிச்சு, பூனாவுல மழை, உங்க ஞாபகமாவே இருக்கு, நர்மதான்னு பேரு வச்சிருக்கோம், உங்க மூக்கு அவளுக்குன்னு. உன் மூக்க நான் அப்ப பாத்தது கூட இல்ல. ஏழு வருஷம் பாப்பா! அவன் அப்பாவ எப்படி நேசிச்சான்னு நான் ஒக்காந்து யோசிச்சு யோசிச்சுச் சொன்னேன். என்னப் பத்தி ஒரு வரி சேக்கக் கூட மறந்துடுவேன் சில நாளு. அப்பா தொண்ணூத்தாறுல போனார். கடைசியில அவரு கூப்பிட்டது அவன் பேரத்தான். பக்கத்துல இருந்தவன் நான்.

கொள்ளிக்கு வந்தான் உங்கப்பன். நீ இடுப்புல இருந்த. கொள்ளிய என் கையிலதான் கொடுத்தாங்க, மூத்தவன்ல.

இதுதான். அப்பாதான் வர வேணாம்னுட்டார்னு நெனச்சுக்கிட்டுத்தான் அவன் ஊர வுட்டே போயிட்டான். அது என் வேலை. இந்த முப்பத்தாறு வருஷமா எனக்குள்ள கெடக்குது. இப்ப உங்கிட்ட சொல்லிட்டேன். நீ போயி அவங்கிட்ட சொல்லு, சொல்லாத, உன் இஷ்டம்.

என்ன, ஏன் தலைய ஆட்டுற?

உங்கப்பனுக்குத் தெரியும்னா? என்ன தெரியும்? யாரு சொன்னா?

மெதுவாச் சொல்லு. ஆயக்காரன்புலத்துல பஸ் ஏத்திவிட வந்தப்ப, எங்கப்பா அவங்கிட்ட சொன்னாரா? "புடிக்கலேன்னா அன்னிக்கே கெளம்பி வந்துடு, எவனுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல"ன்னு சொன்னாரா? எங்கிட்ட இத சொல்லவே இல்லியே அவரு. ரெண்டு பேருமே சொல்லல.

அப்படின்னா அந்தப் பதிலப் பாத்த அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. அப்பா வார்த்தை இல்லேன்னு. அப்புறம் எதுக்குடி அவன் வரல? நேரா வந்து என் சட்டையப் புடிச்சிருக்கலாமே?

என்னது?

திரும்பச் சொல்லு. "அண்ணனுக்கு அப்பா மட்டும்தான் இருந்தாரு, அவர அண்ணனுக்கு விட்டுட்டேன்"னா? உங்கம்மாகிட்ட சொன்னானா?

விட்டுட்டேனா! கமலம், கேட்டியா இத? விட்டுக் குடுத்தானாம்! காலக் குடுத்துட்டு வந்தவன் அப்பாவையும் எனக்கு விட்டுக் குடுத்தானாம். நான் புடுங்கிக்கிட்டேன்னு நெனச்சு முப்பத்தாறு வருஷம் சோறு எறங்காமக் கெடந்தேன். பாவம்னாலும் அது நான் செஞ்சது, என்னோடதுன்னு இருந்தேன். அதுவும் இல்லேங்கிறான். அதுவும் அவன் குடுத்ததாம். எத்தனைதான் குடுப்பான் அவன் எனக்கு? நான் கேட்டேனா? ஒரு கடுதாசியில ஒரு வரி எழுதியிருந்தாப் போதுமே, அதத்தானே கேட்டேன்!

போனப் போடு. போடுங்கிறேன். வேணாம்... இல்ல, போடு. குடு இங்க.

அம்பி. வேதையன் பேசுறேன்டா. உன் பொண்ணு இங்கதான் இருக்கு, நல்லாருக்கு. நீ பேசாத, நான் சொல்றதக் கேளு. அந்த ஆனி மாசக் கடுதாசி. அப்பா அத சொல்லல. நான்தான் எழுதினேன்.

தெரியுமா. அதான் உன் பொண்ணு சொல்லிடுச்சே. அப்புறம் என்ன வேணும் உனக்கு?

என்னடா கேக்குற? அப்பா நெசமா என்ன சொன்னார்னா? அத எதுக்குடா இப்ப...

அழாதடா. அம்பி, அழாத. சொல்றேன். ஒரு வார்த்தை விடாமச் சொல்றேன், எனக்கு மறக்கல. இரு. கேக்குதா?

"சின்னவனே, வந்துடு. லெட்டர் கைக்குக் கெடச்ச அன்னிக்கே கெளம்பு. செத்துப் போனவங்களுக்காக நீ அழறது சரிதான், இங்க வந்து அழு. ஊர் வாய்க்கு நீ பயப்படாத. உன்னால உப்பு வார முடியாட்டி வாராத, சும்மா உக்காந்திரு. எனக்கும் கண்ணு இல்ல, உனக்கும் மனசு சரியில்ல. அதனால என்ன. பெரியவன்..."

இரு அம்பி. போன வெக்காத. சொல்றேன்.

"பெரியவன் இருக்கான். அவன் அருமை நீ எழுதித்தான் எனக்குத் தெரியணும்னு இல்ல, அவன் கையப் புடிச்சுக்கிட்டுத்தானே நான் நடக்குறேன். நம்ம ரெண்டு பேரையும் அவன் பாத்துக்குவான்."